ஈயம் என்று எழுதியவர்கள்

பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி.
விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம்
நுண்ணோக்கியில் படம் நடுங்கும் அறை.

வெள்ளீயத்துக்கு மீசை முளைக்கும்.
சொன்னால் சிரிப்பார்கள்.
பற்றவைத்த புள்ளியிலிருந்து
யாரும் பார்க்காத ஆண்டுகளில்
முடியைவிட மெல்லிய ஓர் உலோக இழை
நீண்டு நீண்டு பக்கத்துக் கம்பியைத் தொடும்.
தொட்ட அன்றைக்கு இயந்திரம் சாகும்.
காரீயம் கொஞ்சம் கலந்தால் முளைக்காது.
காரீயம் கூடாது என்பது சட்டம்.
இந்த இடுக்கில்தான் என் சம்பளம்.

கிடங்கில் இருபது வருடம் கிடந்த பலகைகள்
நாற்பத்திரண்டு.
கூடவே நைந்துபோன ஷிப்ட் புத்தகங்கள் ஏழு,
எண்ணெய்க் கை, சிவப்பு மை, மூன்று மொழி.
ரொஸ்னானி தீமா என்று எழுதியிருந்தாள்,
தவமலர் ஈயம் என்று.
சூன் ஹுவாட் எதையும் எழுதவில்லை,
ஒரு டிக் மட்டும்.

பக்கங்களைப் படமெடுத்து
மொழி மாதிரியிடம் கொடுத்தேன்.
தேதி, கலவை, உருகிய சூடு, பழுது,
கட்டம் கட்டமாகப் பிரி என்றேன்.
கோப்பி ஓ ஆறுவதற்குள் முடித்துவிட்டது.
எனக்கு அதில் கொஞ்சம் கோபம்கூட.

நாற்பத்திரண்டு வரியிலும் காரீயம்.

அட மடையா, என்று தட்டினேன்.
எங்கள் ஊரில் ஈய லம்பம் என்றால்
தோண்டியது வெள்ளீயம்.
பாத்திரத்துக்கு ஈயம் பூசினால்
பூசியதும் வெள்ளீயம்.
மலாயிலும் இதே கதை,
கறுப்பாக ஒரு தீமா, வெளுப்பாக ஒரு தீமா;
ராத்திரி ஷிப்டில்
நிறத்தை எவர் எழுதுவார்?
மன்னிப்புக் கேட்டது. கூச்சம் வருமளவு பணிவாக.
எல்லா வரிகளையும் மாற்றிவிடவா என்றது.
மாற்று, என்றேன்.

மூன்று வாரம் பலகை பலகையாகப் பார்த்தோம்.
நாற்பத்தொன்றில் மீசை.
சிலது பூனைக்கு இருப்பதுபோல்,
சிலது கரப்பான் தலையில் ஆடுமே, அதுபோல்.
இருபத்தாறாம் பலகை மட்டும் மழமழவென்று
சவரம் செய்த மாப்பிள்ளை.

காரீயமும் இல்லை, மீசையும் இல்லை!
டாக்டர் கெங் ஹூய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.
சுங்கை ஆராவிலிருந்து கறி மீ வந்தது.
கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாயிற்று.
மாதிரியிடம் காரணம் கேட்டோம்.
ஏழு காரணம் சொன்னது,
ஏழும் நம்பும்படி.

வெள்ளிக்கிழமை.
ஜெரஜா தீவை மழை விழுங்கிய மாலை.
பாலத்தில் நெரிசல் குறையட்டும் என்றிருந்தவன்
சும்மா அந்தப் பலகையை
எக்ஸ்ரே கருவிக்கடியில் வைத்தேன்.

காரீயம், நூற்றுக்கு முப்பத்தேழு.

பழைய அட்டவணையைத் தேடி எடுத்தேன்.
இருபத்தாறாம் வரியில் உருகிய சூடு 183.
மற்றதெல்லாம் 217ஐ ஒட்டி.
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
இந்த வரியின் சூடு காரீயக் கலவைக்குப் பொருந்துகிறது,
மற்றவற்றில் சொல் ஐயத்துக்குரியது.

நான் அடிவரைக்கும் போயிருக்கவில்லை.
தெரிந்ததை விட்டுக்கொடுத்துத்
தலையாட்டியது அதன் பிழை.
ஒரே சொல்லில் நாற்பத்திரண்டை அடித்தது
என் கை.

பட்டர்வொர்த்தில் தவமலரைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஈயம்னா ஈயந்தான், என்றாள்.
எந்த ஈயம்?
வந்த ஈயம்.
கொஞ்சம் நிறுத்தி,
அந்த வருஷத்து ஓவர்டைம் பாக்கி பத்தி
ஆபீஸ்ல ஏதும் பேசுறாங்களா, என்றாள்.

இப்போது அட்டவணையில் கூடுதலாக ஒரு கட்டம்:
எப்படித் தெரியும்?
சிலதில் சூடு, சிலதில் எக்ஸ்ரே,
பலதில் ஒன்றுமில்லை.
வெற்றுக் கட்டங்களை நிரப்பிவிடவா
என்று கேட்கிறது.

வேண்டாம்.

விமானம் ஒன்று இறங்குகிறது.
படம் ஆடி அடங்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.